அட்டக்ஸ் உயர்நிலைப் பள்ளி: வரலாறும் விளையாட்டும்



'பப்ளிக் ஸ்கூல்' என்ற சொல் நம் நாட்டில் ஒரு விசித்திரமான சொல். அந்தப் பெயர்ப் பலகையைத் தாங்கி நிற்கும் பள்ளியின் வாசலில் பொதுமக்கள் அவ்வளவு எளிதில் நுழைந்துவிட முடியாது. கட்டணம் வழி மறிக்கும். ஆங்கிலேயரிடமிருந்து நாம் பெற்றுக்கொண்ட பொருள் அது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அதே சொல்லுக்கு நேர்மாறான பொருள் வழங்குகிறது. ஊரார் வரிப்பணத்தில், கல்வி வாரியத்தின் மேற்பார்வையில், கட்டணம் இன்றி நடைபெறும் பள்ளியே அங்கு பப்ளிக் ஸ்கூல். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம், இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறிக்க முற்பட்டால் பொருள் கெட்டுவிடும். ஆகவே இன்றைய பேச்சில் 'பொதுப் பள்ளி' என்றே வழங்குவோம். ஆனால் அந்தப் 'பொது' என்னும் சொல் யாரையெல்லாம் உள்ளடக்கும் என்ற கேள்வி, நாம் சொல்லப்போகும் வரலாற்றில் பலமுறை எழும். அக்கேள்விக்குக் கிடைத்த விடைகளுள் ஒன்று கூடைப்பந்து ஆட்டக்களத்திலே கிடைத்தது என்பதுதான் இப்பேச்சின் பொருள்.

நாம் குறிப்பிடும் பள்ளி இந்தியானா மாநிலத்தின் தலைநகரான இந்தியானாபொலிஸ் நகரில் உள்ளது. இந்தியானா என்ற பெயர் நம் செவிக்கு உறவுமுறைபோல ஒலிக்கிறது. அது நம்மைக் குறித்ததன்று. கொலம்பஸ் கொண்ட மயக்கத்தால் 'இந்தியர்' என்று பெயர் பெற்றுவிட்ட அந்நாட்டுப் பழங்குடி மக்களின் நிலம் என்பதே அதன் பொருள். பள்ளியின் பெயர் கிறிஸ்பஸ் அட்டக்ஸ் உயர்நிலைப் பள்ளி. 1927ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் திறக்கப்பட்டது. கறுப்பின மாணவர்களை ஏனைய மாணவர்களிடமிருந்து பிரித்து வைப்பதற்கென்றே நகரக் கல்வி வாரியம் கட்டிய பள்ளி அது.

அதற்கு முன் நிலைமை அவ்வாறு இருந்ததில்லை என்பதை நாம் கருத்தில் கொள்ளவேண்டும். ஷார்ட்ரிட்ஜ், மானுவல், ஆர்சனல் டெக்னிகல் என்று நகரத்தில் இருந்த மூன்று உயர்நிலைப் பள்ளிகளிலும் கறுப்பின மாணவர்கள் வெள்ளை மாணவர்களுடன் ஒரே வகுப்பில் அமர்ந்து படித்து வந்தனர். முதல் உலகப் போரை ஒட்டித் தென் மாநிலங்களிலிருந்து, குறிப்பாகக் கென்டக்கி, டென்னஸி ஆகிய பகுதிகளிலிருந்து, பிழைப்பை நாடி வடக்கே வந்த கறுப்பினக் குடும்பங்கள் பெருகின. கசாப்புச் சாலைகளிலும் இரும்பு வார்ப்படச் சாலைகளிலும் அவர்களுடைய உழைப்பு வேண்டியிருந்தது; அவர்களுடைய பிள்ளைகள் பள்ளிக்கு வருவது மட்டும் வேண்டியிருக்கவில்லை. 1922ஆம் ஆண்டின் இறுதியில், தனிப் பள்ளி ஒன்றைக் கட்டுவதென்று கல்வி வாரியம் தீர்மானித்தது. கறுப்பினப் பெரியோர் கூட்டம் கூடி எதிர்த்தனர், விண்ணப்பம் எழுதினர், வழக்கும் தொடுத்தனர். ஒன்றும் பலிக்கவில்லை. கூ கிளக்ஸ் கிளான் என்னும் இனவெறிச் சங்கம் இந்தியானாவில் ஓங்கி நின்ற காலம் அது. மாநிலத்தின் ஆட்சி மன்றங்களிலும் தேர்தல்களிலும் அதன் கை நீண்டிருந்தது. 1925ஆம் ஆண்டில் அச்சங்கத்தின் ஆதரவு பெற்றவர்களே நகரக் கல்வி வாரியத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அதே ஆண்டில் அச்சங்கத்தின் மாநிலத் தலைவன் கொலைக் குற்றத்துக்காகச் சிறை சென்றபின் அதன் செல்வாக்குச் சரிந்தது. ஆனால் அதற்குள் பள்ளிக் கட்டடத்துக்கான ஏற்பாடுகள் முன்னேறிவிட்டிருந்தன.

பெயர் சூட்டியதிலும் ஒரு போராட்டம் உண்டு. தாமஸ் ஜெஃபர்சன் பெயரை இடுவதென்று வாரியம் முதலில் எண்ணியது. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்று பிரகடனம் எழுதியவர் அவர். அடிமைகளை வைத்திருந்தவரும் அவர். கறுப்பின மக்கள் அப்பெயரை ஏற்கவில்லை. 1770ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள் பாஸ்டன் நகரத் தெருவில் ஆங்கிலப் படையினர் சுட்டபோது மாண்டவர்களுள் ஒருவரான கிறிஸ்பஸ் அட்டக்ஸின் பெயரை வேண்டிப் பெற்றனர். ஆப்பிரிக்கக் குருதியும் பழங்குடிக் குருதியும் கலந்த கப்பல் தொழிலாளி அவர். அமெரிக்க விடுதலைக்காக முதலில் உயிர் நீத்தவர் என்று போற்றப்படுபவர். தம்மைப் பிரித்து வைத்த கட்டடத்தின் வாசலில், இந்த நாட்டின் விடுதலையில் எமக்கும் பங்குண்டு என்று பொறித்துவிட்டார்கள். இதைக் கெட்டிக்காரத்தனம் என்று மட்டும் சொல்லி நிறுத்த நமக்கு மனம் வரவில்லை.

தமிழ்நாட்டை விட்டு வெளியே வாழும் நேயர்களுக்கு ஒன்று தோன்றக்கூடும். நாமும் சென்ற இடங்களிலெல்லாம் நமக்கென்று பள்ளிகளை அமைத்துக்கொண்டவர்கள்தாமே? தில்லியில் 1923ஆம் ஆண்டில் தொடங்கிய கல்விக் கழகமும், பம்பாயில் 1932ஆம் ஆண்டில் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கமும் அத்தகையவை அல்லவா? ஒப்புமை இங்கே நெடுந்தூரம் செல்லாது. நம்மவர் தாய்மொழியை எண்ணித் தாமே விரும்பித் தொடங்கியவை அவை. வேண்டாதவர் வேறு பள்ளியில் சேர்வதை யாரும் தடுக்கவில்லை. அட்டக்ஸ் பள்ளியோ 1927க்குப் பிறகு நகரத்துக் கறுப்பின மாணவன் எவனாயினும் சேர்ந்தே தீரவேண்டிய ஒரே உயர்நிலைப் பொதுப் பள்ளி. ஷார்ட்ரிட்ஜ் பள்ளிக்கு எதிர்வீட்டில் அவன் குடியிருந்தாலும் ஊரைக் கடந்து இங்கேதான் வரவேண்டும். வேற்றூர் வாழ்க்கையில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க அலைந்தவர்களுக்கு, அதன் பாரம் விளக்காமலே விளங்கும்.

வாரியம் எதிர்பாராத ஒன்று அங்கே நடந்தது. பள்ளியின் முதல் தலைமையாசிரியர் மத்தையஸ் நோல்காக்ஸ் என்பவர், நாடெங்கும் இருந்த கறுப்பினக் கல்லூரிகளிலிருந்து ஆசிரியர்களைத் தேடிச் சேர்த்தார். அக்காலத்தில் முதுகலைப் பட்டமோ டாக்டர் பட்டமோ பெற்ற ஒரு கறுப்பினத்தவருக்கு வெள்ளையர் கல்லூரிகளில் இடம் இல்லை. பல்கலைக்கழகத்தில் விரிவுரை ஆற்றவேண்டியவர்கள் உயர்நிலைப் பள்ளியில் கணக்கும் இலத்தீனும் வேதியலும் கற்பிக்க வந்தனர். 1930ஆம் ஆண்டில் தலைமையாசிரியர் பதவியை ஏற்று 1957 வரை அதை வகித்த ரஸல் லேன் சட்டப் பட்டமும் பெற்றவர். இசைக் கல்வியிலும் பள்ளி பெயர் பெற்றது. டிராம்போன் வாத்தியத்தில் உலகப் புகழ் அடைந்த ஜே. ஜே. ஜான்சன், ஜாஸ் இசையைப் பல்கலைக்கழகப் பாடமாக்கிய டேவிட் பேக்கர் ஆகியோர் இங்குப் படித்தவர்கள். அண்மையிலிருந்த இந்தியானா அவென்யூ என்னும் தெருவில் இரவெல்லாம் ஒலித்த இசையும் அவர்களுக்கு ஒரு வகையில் ஆசான் எனலாம்.

இனி விளையாட்டுக்கு வருவோம். கூடைப்பந்தாட்டம் 1891ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியரால் வகுக்கப்பட்டது. பிறந்தது அங்கே; வளர்ந்தது இந்தியானாவில் என்று அம்மாநிலத்தார் பெருமை கொள்வர். மாரிக்காலத்தில் வயல் வேலை ஓய்ந்தபின் ஊரே ஒரு கூடத்தில் கூடி மாணவர் ஆட்டத்தைக் காண்பது அங்கு வழக்கம். ஊர் மக்கள் அனைவரும் அமர்ந்த பிறகும் இடம் மிஞ்சும் அளவுக்குப் பெரிய ஆட்டக்கூடங்களைக் கட்டிக்கொண்ட சிற்றூர்கள் உண்டு. 1911 முதல் ஆண்டுதோறும் மாநிலப் போட்டி நடைபெற்றது. பெரிய பள்ளி, சிறிய பள்ளி என்ற வகுப்புப் பிரிவு அப்போது கிடையாது. 1950களில் 700க்கும் மேற்பட்ட பள்ளிகள் ஒரே கோப்பைக்காகப் போட்டியிட்டன. எல்லாருக்கும் பொதுவான போட்டி என்பதே அதன் பெருமை.

அந்தப் பொதுப் போட்டியில் அட்டக்ஸ் பள்ளிக்கு இடம் இல்லை. காரணத்தைக் கேளுங்கள். மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கத்தை நெடுங்காலம் ஆட்டிப்படைத்த ஆர்தர் டிரெஸ்டர் என்பவர், இப்பள்ளி எல்லா மாணவரையும் சேர்த்துக்கொள்வதில்லையாதலால் பொதுப் பள்ளி ஆகாது என்று தீர்ப்புக் கூறினார். வெள்ளை மாணவர்களைச் சேர்க்காதிருந்தது பள்ளியின் விருப்பமா? வாரியத்தின் கட்டளை அன்றோ! ஒரு கை கதவைச் சாத்தியது. மற்றொரு கை, கதவு சாத்தியிருக்கிறதே என்று குற்றம் சாட்டியது. சமயச் சார்புள்ள கத்தோலிக்கப் பள்ளிகளையும் இதே காரணத்தால் ஒதுக்கி வைத்தனர். அரசாங்க அலுவலகங்களில் எத்தனையோ விதிகளைப் படித்தும் பெயர்த்தும் வந்த நமக்கு, இத்தனை நேர்த்தியான அநீதி அரிதாகவே கண்ணில் பட்டிருக்கிறது.

1942ஆம் ஆண்டில் அத்தடை நீங்கியது. அதுவரை அட்டக்ஸ் மாணவர்கள் அண்டை மாநிலங்களிலிருந்த கறுப்பினப் பள்ளிகளோடு ஆடுவதற்காக நெடுந்தூரம் பயணம் செய்தனர். வழியிலிருந்த உணவு விடுதிகள் பல அவர்களை ஏற்கமாட்டா. பள்ளியின் சொந்த ஆட்டக்கூடமோ, பார்வையாளரை அமர்த்திப் போட்டி நடத்த இயலாதபடி சிறியது. 'சொந்த மண்' என்று சொல்வார்களே, அது அவர்களுக்கு இல்லை. புகழ் பெருகிய பிறகு, பட்லர் பல்கலைக்கழகத்தின் 15,000 பேர் அமரக்கூடிய பெருங்கூடத்தில் தம் ஆட்டங்களை ஆடினர். இட நெருக்கடி இவ்வாறு ஒரு நன்மையாயிற்று. அக்காலத்தில் மாநில இறுதிப் போட்டி நடைபெற்ற இடமும் அதே கூடம்தான்.

1950ஆம் ஆண்டில் பயிற்சியாளர் பொறுப்பு ரே கிரோ என்பவரிடம் வந்தது. இவர் கணித ஆசிரியர். கூச்சலிடாதவர், பையன்களின் வீடுகளுக்குச் சென்று தாய்மாரிடம் பேசுபவர், படிப்பிலோ நடத்தையிலோ தவறியவனை எத்தனை திறமைசாலியானாலும் வெளியே உட்கார வைப்பவர். அவருக்கு முன் பள்ளியில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. வெள்ளையர் பள்ளிகளோடு ஆடும்போது முரட்டுத்தனம் என்ற சொல்லுக்கே இடம் தரலாகாது, பணிவே முதன்மை, வெற்றி பிறகு என்பது அது. தலைமையாசிரியர் லேன் அவர்களின் கவலை பொருளற்றதன்று. களத்தில் ஒரு பையன் கை ஓங்கினால் மறுநாள் ஓர் இனமே பழி சுமக்கும். கிரோ அந்தப் பணிவை விடவில்லை. அதனோடு வேகத்தைச் சேர்த்தார். நடுவர்களின் தீர்ப்புத் தமக்குச் சாதகமாக அமையாது என்பதை அறிந்தவராதலால், முதல் 10 புள்ளிகளை நடுவர்களுக்கென்று எழுதி வைத்துவிட்டு அதற்குமேல் எடுப்பதையே நம் கணக்கில் கொள்ளவேண்டும் என்று பையன்களுக்குப் போதித்தார். வழக்காடிப் பயனில்லை, ஒரே ஒரு விசில் ஒலியால் பறிக்க முடியாத அளவுக்கு முன்னே ஓடிவிடு என்பது அந்தக் கணித ஆசிரியரின் பாடம். 7 ஆண்டுகளில் அவர் அணி 179 ஆட்டங்களில் வென்று 20 ஆட்டங்களில் மட்டுமே தோற்றது.

அவருடைய முதல் ஆண்டிலேயே நகரம் விழித்துக்கொண்டது. 1951ஆம் ஆண்டு வட்டாரப் போட்டியில் ஆண்டர்சன் பள்ளியோடு ஆடியபோது, கடைசி விநாடியில் பெய்லி ராபர்ட்சன் என்ற மாணவன் எறிந்த பந்து கூடையில் விழ, 81-80 என்று அட்டக்ஸ் வென்றது. பின்னர் மாநிலத்தின் கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாக நின்று தோற்றனர். ஆயினும் அந்த ஒரு பந்து கறுப்பினக் குடியிருப்பு முழுவதையும் தெருவுக்கு அழைத்து வந்தது. பெய்லிக்கு ஒரு தம்பி இருந்தான். பெயர் ஆஸ்கர்.

ஆஸ்கர் ராபர்ட்சன் 1938ஆம் ஆண்டில் டென்னஸி மாநிலத்தின் ஒரு சிற்றூரில் பிறந்தவர். குழந்தையாக இருந்தபோதே குடும்பம் இந்தியானாபொலிசுக்குக் குடிபெயர்ந்தது. பந்து வாங்க வசதியில்லை. கந்தலைச் சுருட்டி ரப்பர் வளையத்தால் கட்டி, பழக்கூடை ஒன்றில் எறிந்து பழகினார். நம் ஊர்த் தெருக்களில் துணிப்பந்து ஆடியவர்களுக்கு இது புதிய செய்தியன்று. கறுப்பின மக்களுக்கென அரசாங்கம் கட்டிய லாக்ஃபீல்ட் கார்டன்ஸ் குடியிருப்பின் அருகே ஒரு திறந்த மைதானம் இருந்தது. 'புழுதிக் கிண்ணம்' என்று அதற்குப் பெயர். பெரியவர்கள் ஆடிக் களைத்த பிறகே சிறுவர்களுக்கு இடம் கிடைக்கும். தோற்றவன் வெளியேற வேண்டும். வென்றவன் நின்று ஆடலாம். அந்தச் சட்டத்தைக் காட்டிலும் கடுமையான பயிற்சிப் பள்ளி வேறு இருந்திருக்க முடியாது.

1954ஆம் ஆண்டு நடந்ததை உலகம் வேறொரு கதையாக அறியும். மொத்தம் 161 மாணவர்களே படித்த மைலன் என்னும் சிற்றூர்ப் பள்ளி அவ்வாண்டு மாநிலக் கோப்பையை வென்றது. அதைத் தழுவி 1986ஆம் ஆண்டில் 'ஹூசியர்ஸ்' என்ற திரைப்படம் எடுக்கப்பட்டுப் பெரும் புகழ் அடைந்தது. இறுதிச் சுற்றுகளுக்கு முன் மைலன் 65-52 என்று தோற்கடித்தது அட்டக்ஸ் பள்ளியைத்தான் என்பதைப் பலர் அறியார். திரைப்படத்தின் இறுதி ஆட்டத்தில் எதிரணியின் பயிற்சியாளராகச் சற்று நேரம் தோன்றுபவர் உண்மையான ரே கிரோ. சிற்றூரின் எளிய பிள்ளைகள் பெரிய பள்ளியை வென்ற கதை இனிமையானது. அதை நாம் குறை கூறவில்லை. ஆயினும் எளியோர் எவர் என்று அளந்து பார்த்தால், மறு ஆண்டில் நடந்தது அதனினும் பெரிய கதை என்பது நம் கருத்து.

1954ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள், பொதுப் பள்ளிகளில் இனவாரியாகப் பிரித்து வைப்பது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியானா மாநிலமோ அதற்கும் முன்பே, 1949ஆம் ஆண்டில், அத்தகைய பிரிவினையைச் சட்டத்தால் விலக்கியிருந்தது. சட்டம் ஏட்டில் இருக்க, அட்டக்ஸ் பள்ளி இருந்தபடியே இருந்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வெளியான 10 மாதங்களில் 1955ஆம் ஆண்டின் போட்டி வந்தது.

அப்பருவத்தில் அட்டக்ஸ் ஒரே ஓர் ஆட்டத்தில், கானர்ஸ்வில் பள்ளியிடம், ஒரே ஒரு புள்ளியில் தோற்றிருந்தது. இறுதி வாரத்துக்கு முந்தைய வாரத்தில் மன்ஸி சென்ட்ரல் என்னும் பள்ளியை எதிர்கொண்டது. மாநிலத்தில் அதிகக் கோப்பைகளை வென்ற பள்ளிகளுள் ஒன்று அது. ஆட்டம் முடியும் தறுவாயில் அட்டக்ஸ் 71, மன்ஸி 70. பந்து மன்ஸியின் கையில். அவர்கள் கடைசியாகக் கூடைப் பக்கம் வீசிய பந்தை ஆஸ்கர் பாய்ந்து பறித்துக்கொண்டார். இந்த ஆட்டத்தையே உண்மையான இறுதிப் போட்டி என்று கருதியவர்கள் பலர்.

மார்ச் 19ஆம் நாள் நடந்த இறுதிப் போட்டியில் எதிரணி கேரி ரூஸ்வெல்ட். எஃகு ஆலைகள் நிறைந்த கேரி நகரத்தின் அந்தப் பள்ளியும் கறுப்பினப் பள்ளியே. பின்னாளில் தொழில்முறை ஆட்டத்தில் புகழ் பெற்ற டிக் பார்னெட் அவ்வணியில் ஆடினார். 13 ஆண்டுகளுக்கு முன்வரை வாசலிலேயே நிறுத்தப்பட்டிருந்தவர்கள், இரு பக்கமும் நின்று மாநிலத்தின் கோப்பைக்காக ஆடினார்கள். எவர் வென்றாலும் வரலாறுதான். வெற்றி உறுதியாகிவிட்டது என்று கண்டதும் பாடும் வழக்கமுள்ள 'கிறுக்குப் பாட்டு' ஒன்று அட்டக்ஸ் ரசிகர்களுக்கு உண்டு. அன்று அதைப் பாட அவர்கள் நெடுநேரம் காத்திருக்க நேரவில்லை. 97-74 என்ற கணக்கில் அட்டக்ஸ் வென்றது; ஆஸ்கர் 30 புள்ளிகள் எடுத்தார். அனைவருக்கும் பொதுவான ஒரு மாநிலப் போட்டியில் கறுப்பினப் பள்ளி ஒன்று கோப்பை வென்றது அமெரிக்காவில் அதுவே முதன்முறை. இன்னொன்றையும் நேயர்கள் கவனிக்க வேண்டும். தலைநகரமான இந்தியானாபொலிசுக்கு அதற்கு முன் அக்கோப்பை கிட்டியதே இல்லை. ஷார்ட்ரிட்ஜும் மானுவலும் டெக்னிகலும் 44 ஆண்டுகளாகப் பெற்றுத் தராததை, அவற்றிலிருந்து விலக்கப்பட்டவர்கள் பெற்றுத் தந்தார்கள்.

நகரத்தின் நடுவில் நினைவுச்சின்ன வட்டம் என்னும் சதுக்கம் உள்ளது. 284 அடி உயர்ந்த தூண் ஒன்று அங்கே நிற்கிறது. அடிமைமுறையை ஒழித்த உள்நாட்டுப் போரில் வடக்கின் பக்கம் நின்று போரிட்ட இந்தியானா வீரர்களின் நினைவை முதன்மையாகக் கொண்டு எழுப்பப்பட்டது அது. வெற்றி பெற்ற அணியைத் தீயணைப்பு வண்டியில் ஏற்றி அவ்வட்டத்துக்கு அழைத்துச் சென்று, மக்கள் சூழ நின்று கொண்டாடுவது வழக்கம். அட்டக்ஸ் அணியையும் தீயணைப்பு வண்டியில் ஏற்றினார்கள். வட்டத்தை ஒருமுறை சுற்றினார்கள். வண்டி நிற்கவில்லை. கூட்டம் கலகம் செய்யும், கடைகள் உடைபடும் என்று அதிகாரிகள் அஞ்சினார்களாம். நகர நடுவில் கொண்டாட்டம் இல்லை. கறுப்பின மக்கள் குடியிருந்த பகுதியிலுள்ள நார்த்வெஸ்டர்ன் பூங்காவுக்கு அணியைக் கொண்டு சென்றார்கள். அங்கே தீ வளர்த்து மக்கள் ஆடிப் பாடினார்கள். ஆஸ்கர் கொண்டாட்டம் முடியும் வரை இருக்கவில்லை. தந்தையின் வீட்டுக்குச் சென்றுவிட்டார். நகரத்தார் தம்மை விரும்பவில்லை என்று அன்றிரவு தமக்குப் பட்டதைப் பின்னாளில் அவர் பலமுறை சொல்லியும் எழுதியும் இருக்கிறார். அப்போது அவருக்கு வயது 16. நகரத்துக்கு முதல் கோப்பையைக் கொணர்ந்த பிள்ளைகளை நகரத்தின் சதுக்கத்தில் ஐந்து நிமிடம் நிறுத்தத் துணியாத அதிகாரிகளின் அச்சம் எதைக் கண்டு எழுந்தது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. கடை ஒன்றும் உடைபடவில்லை.

மறு ஆண்டு, 1956இல், அட்டக்ஸ் 31 ஆட்டங்கள் ஆடி 31இலும் வென்றது. தோல்வியே காணாமல் மாநிலக் கோப்பையைப் பெற்ற முதல் பள்ளி அதுவே. முந்தைய பருவத்தையும் சேர்த்தால் தொடர்ச்சியாக 45 வெற்றிகள். லஃபாயட் ஜெஃபர்சன் பள்ளிக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் ஆஸ்கர் 39 புள்ளிகள் எடுத்தார். 1957இல் இறுதி ஆட்டம் வரை சென்று தோற்றனர். பிறகு கிரோ பயிற்சிப் பொறுப்பிலிருந்து விலகினார். பிற்காலத்தில் மாநிலச் சட்டமன்றத்திலும் நகர மன்றத்திலும் உறுப்பினராகப் பணியாற்றினார். அவருக்குப் பின் வந்த பில் காரட், இந்தியானா பல்கலைக்கழக அணியில் இனத்தடையை உடைத்து ஆடியவர். அவருடைய பயிற்சியில் 1959ஆம் ஆண்டு மூன்றாவது கோப்பையும் வந்து சேர்ந்தது.

ஆஸ்கரைப் பற்றிச் சில சொற்கள். 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக் பந்தயத்தில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் இருந்தார். 1961-62 பருவத்தில் தொழில்முறை ஆட்டக்காரராக, புள்ளி, மீள்பந்து, துணைவீச்சு ஆகிய மூன்றிலும் ஆட்டத்துக்குச் சராசரி இரட்டை இலக்கம் கண்டார்; அதுவரை எவரும் செய்யாதது அது. ஆனால் புழுதிக் கிண்ணத்தில் கற்ற பிடிவாதம் வேறோர் இடத்திலும் வெளிப்பட்டது. ஆட்டக்காரனை ஒரு குழு தன் உடைமைபோல் கட்டி வைத்திருந்த முறையை எதிர்த்து, ஆட்டக்காரர் சங்கத் தலைவராக இருந்து 1970ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தார். 1976இல் அது உடன்பாட்டில் முடிந்தது. தொழில்முறைக் கூடைப்பந்து ஆட்டக்காரர்கள் பின்னர்ப் பெற்ற சுதந்திரத்துக்கும் பெரும் ஊதியத்துக்கும் அவ்வழக்கே வழிவகுத்தது.

பள்ளியின் பின்வரலாறு இன்பமும் துன்பமும் கலந்தது. அட்டக்ஸ் பெற்ற வெற்றிகளைக் கண்ட ஏனைய பள்ளிகள், திறமையுள்ள கறுப்பின மாணவர்களைத் தம் பக்கம் வரவேற்கத் தொடங்கின. நீதியுணர்வு செய்யாததைக் கோப்பை ஆசை செய்தது என்று சொல்வோர் உண்டு; அது முழு உண்மையன்று எனினும் பொய்யுமன்று. நகரக் கல்வி நிர்வாகத்தின் மீது 1968ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் வழக்குத் தொடுத்தது. சட்டத்துக்கு முரணாகப் பிரிவினையைப் பேணி வந்தது நிர்வாகத்தின் குற்றம் என்று 1971இல் தீர்ப்பாயிற்று. பிரிவினை நீங்கவேண்டும் என்று எவர் வேண்டாதிருப்பர்? ஆனால் அது நீங்கியபோது, வேறிடம் கிடைக்காமையால் இங்கு வந்து குவிந்திருந்த புலமையும் சிதறியது. மாணவர் தொகை சுருங்கியது. 1986ஆம் ஆண்டில் அட்டக்ஸ் உயர்நிலைப் பள்ளி என்ற நிலையை இழந்து, கீழ் வகுப்புகளுக்குரிய பள்ளியாக மாற்றப்பட்டது. பழைய மாணவர்களின் கண்ணீருக்கு அன்று விடை சொல்ல யாராலும் இயலவில்லை. பிரித்து வைப்பதற்காகக் கட்டிய பள்ளியை, பிரிவினை ஒழிந்தபின் ஏன் காக்கவேண்டும் என்ற கேள்வியை அலுவலகத்தில் அமர்ந்து கேட்பது எளிது. அதே கூடத்தில் படித்துத் தேறியவரிடம் அதைக் கேட்கக் கூசும். அப்பள்ளியின் வரலாற்றைக் காக்கும் அருங்காட்சியகம் ஒன்று அவ்வளாகத்திலேயே அமைந்தது. 2006ஆம் ஆண்டில், மருத்துவத் துறைக் கல்விக்குச் சிறப்பிடம் தரும் உயர்நிலைப் பள்ளியாக அது மீண்டும் தொடங்கியது.

2015ஆம் ஆண்டு மே மாதத்தில், இந்தியானாபொலிஸ் மோட்டார் பந்தயத்தையொட்டி ஆண்டுதோறும் நடைபெறும் நகர ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கும்படி 1955ஆம் ஆண்டு அணியினரை அழைத்தார்கள். 60 ஆண்டுகள் கழிந்துவிட்டன. அணியில் சிலர் மறைந்துவிட்டனர். கிரோ 2003ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார். எஞ்சிய முதியவர்கள் ஊர்தியில் அமர்ந்து நகர நடுத்தெருக்களின் வழியே சென்றனர். இரு மருங்கிலும் மக்கள் எழுந்து நின்று கை தட்டினர்.

மாநிலப் போட்டியை 1997-98 பருவம் முதல் பள்ளிகளின் அளவுக்கேற்ப நான்கு வகுப்புகளாகப் பிரித்துவிட்டனர். அவற்றுள் மூன்றாம் வகுப்பின் இறுதி ஆட்டத்தில், 2017ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பச்சையும் பொன்னுமான பழைய நிறங்களில் அட்டக்ஸ் களம் இறங்கி, டுவின் லேக்ஸ் பள்ளியை 73-71 என்று வென்றது. 1959க்குப் பிறகு 58 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த கோப்பை. அன்று அந்தப் பையன்களின் கழுத்தில் பதக்கம் அணிவித்தவர் 78 வயதான ஆஸ்கர் ராபர்ட்சன்.